நாலாவது கல்

சில்லு சாருக்கு உத்தியோகமே பின்பக்கமாக நடப்பதுதான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். தொல்லியல் துறையில் இருக்கிறேன் என்று சொன்னதும் "புதையல் ஏதும் கிடைச்சுதா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்களே, அதற்கு இந்தச் சிரிப்பு எவ்வளவோ தேவலை.

மணல்வெளிக்கு நடுவே ஓடுகிற அந்த ஆற்றின் இரண்டு கரையிலும், எந்தக் காலத்திலோ மனிதர்கள் குடியிருந்து எழுந்து போன மேடுகள் இருக்கின்றன. இப்போது அங்கே மிச்சம் இருப்பது உடைந்த பானைகளின் ஓட்டுச்சில்லுகள்தான். சில்லு சார் படகில் போய் இறங்குவார். போன வருஷம் நின்ற பாறையிலேயே ஏறி நின்று, போன வருஷம் எடுத்த மாதிரியே படம் எடுப்பார். கரை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். பார்த்துப் பெருமூச்சு விடுவார். பிறகு காய்ந்த செடிக்கொத்து ஒன்றை ஒடித்துக்கொண்டு, மேட்டைப் பார்த்தபடியே, தன் காலடியைத் தானே பெருக்கிப் பெருக்கிப் படகுவரைக்கும் பின்னாலேயே நடந்து வருவார்.

ஏனென்றால் மணலில் ஒரு காலடி தெரிந்தால் அதன்மேல் இன்னொருவன் கால் வைப்பான். ஆற்றில் உல்லாசப் படகு விடுகிறவர்கள் கூட்டிவரும் ஜனங்கள் அப்படித்தான் மேடேறி வருவார்கள். வந்தவர்கள் சும்மா போவதில்லை. அழகான சில்லுகளைப் பொறுக்கி ஒரு தட்டைப் பாறைமேல் கடை விரித்த மாதிரி அடுக்கி வைத்துப் படம் பிடித்துவிட்டுப் போவார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள், அதுதான் வேதனை. சில்லு சார் அந்தக் கடையைக் கலைத்து, ஒவ்வொன்றையும் அது கிடந்திருக்கக்கூடிய இடத்தில் கொண்டுபோய்ப் போடுவார். பத்துப் பேர் நடந்தால் தடம். தடத்தில் ஒரு மழை இறங்கினால் ஓடை. ஓடை மேட்டையே இரண்டாகக் கீறிவிடும். ஆகையால் பெருக்க வேண்டியது. துறையில் சேர்ந்த நாளிலிருந்து பெருக்குகிறார். இந்த ஆற்றில் அவர் கால் படாத மேடு இல்லை. அவர் கால் பட்டதற்கு அடையாளமும் இல்லை.

"வீட்டுலயும் அப்படித்தான்" என்பார் அவர் மனைவி. "இந்த மனுஷன் இங்க குடியிருந்தாருன்னு நாளைக்கு யாராவது தோண்டிப் பார்த்தாக்கூடக் கண்டுபிடிக்க முடியாது."

மனைவி கணக்கு டீச்சர். போன வருஷம் ஓய்வு பெற்றாகிவிட்டது. ஆனாலும் தெருவுக்கும் டீச்சர், வீட்டுக்காரருக்கும் டீச்சர்தான்.

ஊருக்கு மேலே அணை கட்டி மின்சாரம் எடுக்கத் தொடங்கியதிலிருந்து ஆற்றின் குணமே மாறிப்போயிற்று. மணலெல்லாம் அணைக்குள்ளேயே தங்கிவிட, கீழே வருவது வெறும் தண்ணீர். வெறும் வயிற்றோடு வருகிற தண்ணீர் கரையைத்தானே தின்னும்? காலையில் ஊரெல்லாம் விளக்கையும் விசிறியையும் போட்டால் ஆறு ஏறும்; அணைத்தால் இறங்கும். ஏறும்போதுகூடக் கரை தாங்கிக்கொள்ளும். சடாரென்று இறங்கும்போதுதான் நனைந்த மணல் பிடிப்பு விட்டுப் பொத்தென்று விழும். "இறக்கும்போது கொஞ்சம் மெதுவா இறக்குங்க சார்" என்று அணை இன்ஜினியரிடம் சில்லு சார் கேட்காத வருஷம் இல்லை. "பாக்கலாம்" என்று அவர் சொல்லாத வருஷமும் இல்லை. அந்த அலுவலகத்தில் பாக்கலாம் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம்.

அணைக்காரர்களுக்கும் ஒரு விதி உண்டு. கரையில் பழைய கட்டுமானம் எதுவும் இருந்த இடத்திலேயே இருந்தால் அந்தக் கரைக்குக் காவல் உண்டு. மணல் மூட்டை அடுக்குவார்கள், தண்ணீரைக் குறைத்து விடுவார்கள். சிதறிக் கிடக்கிற சில்லுக்கு அந்த மரியாதை கிடையாது. சில்லு எங்கிருந்து வேண்டுமானாலும் உருண்டு வந்திருக்கலாமே என்பது இன்ஜினியர் கட்சி.

இரட்டைப்பாறை மேட்டில் மேலே கிடப்பதெல்லாம் சில்லு. அடியில் வீடுகள் இருக்கின்றன என்பது சில்லு சாருக்கு நிச்சயம். தோண்டிப் பார்த்தால் தெரியும். ஆனால் தோண்டுவது அவர் வேலை அல்ல. தோண்டாமல் காப்பதுதான் வேலை. காப்பாற்ற வேண்டும் என்றால் தோண்டிக் காட்டு என்றார்கள் அணையில். தோண்டினால் அது எப்படிக் காப்பாற்றுவது ஆகும் என்றார்கள் துறையில். இரண்டு பேரும் நியாயமாகத்தான் பேசினார்கள். அந்த நியாயத்தின் நடுவே மேடு வருஷா வருஷம் தேய்ந்துகொண்டிருந்தது.

வருகிற திங்கட்கிழமை அணையைப் பெரிய அளவில் திறக்கப்போவதாக அறிவித்திருந்தார்கள். இந்தத் தடவை இரட்டைப்பாறை தாங்காது. மாதக் கடைசியில் சில்லு சாருக்கு ஓய்வு. மேட்டுக்கும் தனக்கும் ஒரே மாதத்தில் முடிகிறதே, சௌகரியம்தான் என்று நினைத்துக்கொண்டார். முழங்கால் இரண்டும் படகிலிருந்து இறங்கும்போது ஒரு தரம், ஏறும்போது ஒரு தரம் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்த காலம் அது.

அப்போதுதான் அந்த அடுப்பு கிடைத்தது.

கண்டுபிடித்தது புது மேடம். தலைமை அலுவலகத்திலிருந்து சில்லு சாருக்கு அடுத்து இந்த ஆற்றைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்ட பெண். வேகமாக நடப்பாள், அதைவிட வேகமாக யோசிப்பாள், அளவு எடுத்தால் பிசகாது. புதன்கிழமை இரட்டைப்பாறையின் ஆற்றோர விளிம்பு கொஞ்சம் சரிந்து கிடந்தது. சரிந்த இடத்தில், முழங்கால் ஆழத்து மணலுக்குக் கீழே, கரி படிந்த மூன்று கல். அவற்றுக்குப் பக்கத்தில் காற்றுக்கு மறைப்பாகச் சாய்த்து நிறுத்திய நாலாவது கல். அதற்கும் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் தட்டையாக ஒரு சின்னக் கல்.

"சார், இந்தச் சின்னக் கல்லு எதுக்கு? கரண்டி வைக்கிறதுக்கா?" என்றாள் வேடிக்கையாக. சொல்லிவிட்டு அவளே நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சார், இருங்க. இந்தப் பள்ளத்தாக்குல எங்கயாவது நாலு கல்லு அடுப்பு பார்த்திருக்கீங்களா?"

"இல்லம்மா."

"எங்கயும் இல்ல. அப்படின்னா இவங்க வேற ஆளுங்க சார். இது ஒரு தனிப் பண்பாட்டுக் குழு!"

கல்லை அசைக்காமல் ஒரு கரித்துண்டை மட்டும் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர மாதக்கணக்காகும். அதுவரைக்கும் அடுப்பு அடுப்புதான், இருந்த இடத்திலேயே இருக்கிற கட்டுமானம்தான். வியாழக்கிழமை இன்ஜினியர் ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமை மணல் மூட்டை வரும், திங்கட்கிழமை தண்ணீர் பாதிதான் வரும். தலைமை அலுவலகமும் சும்மா இல்லை. தனிப் பண்பாட்டுக் குழு என்றால் சும்மாவா? அனுபவசாலி ஒருவர் கூட இருக்க வேண்டும், சில்லு சாருக்கு இன்னும் ஒரு வருஷம் பணி நீட்டிப்பு என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுப் படி ஏறியபோது முழங்கால் திட்டவே இல்லை.

கூடத்தில் பெட்டி நின்றது. ஒரு வாரமாக நிற்கிறது. வெளியூரில் இருக்கும் மகள் நிறைமாசம்; மாதக் கடைசியில் இரண்டு பேரும் கிளம்பிப்போய் அவளோடு இருந்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. டீச்சர் தரையில் உட்கார்ந்து தட்டுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், கிடைச்சிருச்சு!"

"எது, போன வாரம் தொலைச்ச கண்ணாடியா?"

"அடுப்பு!"

"நமக்கு எதுக்குங்க இப்ப அடுப்பு? இருக்கிறதையே யார் தலையில கட்டுறதுன்னு முழிச்சுக்கிட்டு இருக்கேன்."

"அய்யோ, பழைய அடுப்பு. இரட்டைப்பாறையில. மேடு பிழைச்சுக்கிச்சு டீச்சர். தண்ணி பாதிதான் விடப்போறாங்க. எனக்கு இன்னும் ஒரு வருஷம்..."

சொல்லிவிட்டுப் பெட்டியைப் பார்த்தார். பெட்டியும் அவரைப் பார்த்த மாதிரி இருந்தது.

"ஒரு வருஷம் என்ன?" என்றார் டீச்சர்.

"நீட்டிச்சிருக்காங்க."

டீச்சர் ஒரு தட்டை எடுத்துச் சுற்றினார். இன்னொன்றையும் எடுத்துச் சுற்றினார். "நல்லது. பேரப்பிள்ளை வந்து தாத்தா எங்கேன்னு கேட்டா, ஒரு அடுப்பைப் பார்த்துக்கிட்டு இருக்காருன்னு சொல்றேன்."

"நீ முதல்ல கேளு. இது சாதாரண அடுப்பு இல்ல."

கோபத்தை ஆற்றுவதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி விளக்கம் சொல்வது. முப்பது வருஷமாகப் பலிக்காத வழிதான், ஆனாலும் விடவில்லை. சாப்பாட்டு மேசைமேல் உப்பு ஜாடி, சர்க்கரை டப்பா, ஒரு டம்ளர் என்று மூன்றையும் முக்கோணமாக வைத்தார். "இது மூணு கல்லு. இது எல்லா ஊர்லயும் உண்டு." ஒரு தட்டை எடுத்துச் சாய்த்து நிறுத்தினார். "இது காத்துக்கு மறைப்பு. இதுதான் விசேஷம். அப்புறம் இதோ..." தீப்பெட்டியை எடுத்து டம்ளருக்கு வலது பக்கம் வைத்தார். "சின்னதா ஒரு கல்லு. கரண்டி வைக்கிறதுக்கு. எவ்வளவு யோசிச்சிருக்காங்க பாரு! புது மேடம் சொல்றா, இது ஒரு தனிப் பண்பாட்டுக் குழுவாம்."

டீச்சர் எழுந்து வந்தார். மேசையைப் பார்த்தார். இடது கையை நீட்டித் தீப்பெட்டியை எடுத்து மறுபக்கம் வைத்தார்.

"இந்தப் பக்கம்" என்றார்.

சின்னக் கல் இருந்தது இடது பக்கம்தான். தீப்பெட்டியைச் சில்லு சார்தான் அவசரத்தில் மாற்றி வைத்திருந்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு இடது கைதானே பழக்கம்? கரண்டியை வேற எங்க வைப்பேன்?"



"என்ன சொல்றே நீ?"

"அது என் அடுப்புங்க" என்றார் டீச்சர். "கல்யாணமான வருஷம் என்னை ஒரு தடவை கூட்டிட்டுப் போனீங்களே. ரெண்டு பாறை ஒட்டிக்கிட்டு நிக்குமே, அந்த இடம்தானே? மூணு கல்லு வச்சுப் பத்த வச்சா காத்து அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதான் ஒரு பலகைக் கல்லைச் சாய்ச்சு வச்சேன். கஞ்சி வச்சேன். நீங்க குடிச்சிட்டு உப்பு கம்மின்னீங்க."

"நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்."

"சொன்னீங்க. சொல்லிட்டு, கஞ்சிக் கிண்ணத்தை வச்சிட்டு ஒரு பானை விளிம்பைப் பார்க்க ஓடிட்டீங்க."

அந்த விளிம்பு அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கழுத்தில் இரட்டைக் கோடு போட்டது. அடுப்பு ஞாபகம் இல்லை. அன்றைக்குப் பிற்பகல் புழுதிக்காற்று வந்தது ஞாபகம் இருந்தது. மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படகுக்கு ஓடியது ஞாபகம் இருந்தது. அவர் உத்தியோகத்தில் பெருக்காமல் வந்தது அந்த ஒரு நாள்தான். அடுத்த தடவை போனபோது மேடு முழுக்கப் புது மணல் போர்த்திக் கிடந்தது. காற்றே பெருக்கிவிட்டது என்று நிம்மதியாக வந்துவிட்டார்.

ஆனாலும் மனசு லேசில் விட்டுக்கொடுக்குமா?

"எல்லா ஊர்லயும் இடது கைக்காரங்க இருந்திருக்காங்க டீச்சர். அந்தக் காலத்துலயும் இருந்திருப்பாங்க. அவங்களுக்கும் காத்து அடிச்சிருக்கும்."

"இருந்திருப்பாங்க."

"நீ ஊருக்குப் போகணும்னு இருக்கே. அதனால..."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். பள்ளிக்கூடத்தில் அவர் கண்ணாடியைத் துடைத்தால் பிள்ளைகள் பெஞ்சுக்கடியில் ஒளிவார்கள் என்பார்கள்.

"நான் பொய் சொல்லி உங்களைக் கூட்டிட்டுப் போகணும்னா எப்பவோ கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்றார். "அந்தச் சின்னக் கல்லு ஆடுச்சு. வாந்திக்கு மருந்து குடிச்சுக்கிட்டு இருந்தேனே, அந்தப் பாட்டில் மூடியை அடியில வச்சுச் சமம் பண்ணேன். சிவப்பு மூடி. கல்லைத் தூக்கிப் பாருங்க. இல்லேன்னா நான் இன்னும் பத்து வருஷம் இங்கயே இருக்கேன், நீங்க அடுப்பைக் காவல் காத்துக்கிட்டு இருங்க."

அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்ததா என்று சில்லு சாருக்குத் தெரியாது. சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

காலையில் அவர் கேன்வாஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது டீச்சர் செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். அவர் கையிலும் ஒரு பை.

"நீ எதுக்கு? வெயிலு, படகு, உனக்கு ஆகாது."

"என் அடுப்பைப் பார்க்க நான் வரேன். உங்க அடுப்பா?"

படகுக்காரர் டீச்சரைப் பார்த்ததும் துண்டை உதறிப் பலகையைத் துடைத்தார். "அடேங்கப்பா, டீச்சரம்மா! என் பையனுக்கு வகுத்தல் சொல்லிக் குடுத்து, இப்ப அவன் எங்க சொத்தையே வகுத்துட்டான். என்ன இந்தப் பக்கம்?"

"உங்க சாரு யாரோ ஒரு அம்மாவோட அடுப்பைக் கண்டுபிடிச்சிருக்காராம். பார்த்துட்டு வரலாம்னு."

"ஊரே அதைத்தான் பேசுது. ரொம்பப் பழசாமே?"

"பழசுதான்" என்றார் டீச்சர், தன் கைகளைப் பார்த்துக்கொண்டு. "சுருக்கம் விழுந்தாச்சு."

சில்லு சார் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் செம்மண் நிறத்துக் குன்றுகள், அடியில் வெளிறிய மணல் திட்டுகள், அங்கங்கே முள்செடி. காலை ஏற்றம் முடிந்து தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. தூரத்தில் எங்கோ ஒரு கரை பொத்தென்று விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டால் எந்த மேடு என்று எண்ணிப்பார்ப்பது அவர் வழக்கம். இன்றைக்கு எண்ணவில்லை. அசதியாக இருந்தது. முழங்காலில் தொடங்கி எங்கேயோ உள்ளே போய் உட்கார்ந்துகொண்ட அசதி.

இரட்டைப்பாறையில் இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. புது மேடம் மணல் மூட்டைப் படகோடு வருவாள். சில்லு சார் விளிம்பில் மண்டியிட்டார். டீச்சர் கொஞ்சம் தள்ளி நின்றார். அடுப்பைப் பார்த்ததும் ஒரு கையால் வாயை மூடிக்கொண்டார்.

சில்லு சார் தூரிகையால் சுற்றிலும் மணலை ஒதுக்கி, இரண்டு விரலால் சின்னக் கல்லைத் தூக்கினார். அடியில் மூடி இருந்தது. சிவப்பு வெளிறி ரோஜா நிறமாகியிருந்தது. அவ்வளவுதான். ஒரு பக்கம் லேசாக நசுங்கி, கல்லின் சாய்வைச் சரியாக ஈடுகட்டி, அத்தனை வருஷமும் ஆடாமல் தாங்கிக்கொண்டிருந்தது. கணக்கு டீச்சர் வேலை.

எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கல்லை இருந்த மாதிரியே வைத்தார். இப்போது அது லேசாக ஆடியது.

டீச்சர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சில்லு சாருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அடியில வீடு இருக்கு டீச்சர்" என்றார் சில்லு சார், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது மாதிரி. "நிஜமா இருக்கு. இந்த ஒரு தடவை தண்ணி குறைஞ்சா..."

"சரி."

"யாருக்கும் நஷ்டம் இல்ல."

"சரிங்க."

"என்ன சரி சரிங்கிறே?"

"நான் என்ன சொல்றது? உங்க வேலை, உங்க மேடு." டீச்சர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணுதான். உங்ககூட இந்த ஆத்துக்கு நான் வந்தது அந்த ஒரு தடவை. அப்புறம் பிள்ளை, பள்ளிக்கூடம், அது இதுன்னு போச்சு. அந்த ஒரு தடவை நான் ஒரு அடுப்பு வச்சேன். அதையும் யாரோ பேர் தெரியாத பொம்பளை வச்சான்னு எழுதிட்டீங்கன்னா, நான் இங்க வரவே இல்லைன்னு ஆயிடும். அவ்வளவுதான். மத்தபடி மூடியைப் பையிலேயே வச்சுக்கோங்க."

படகு வருகிற சத்தம் கேட்டது. புது மேடம் குதித்து இறங்கி வேகமாக மேடேறி வந்தாள். பின்னால் மூட்டைகளோடு ஆட்கள்.

"சார்! வணக்கம்மா! அடுப்பைப் பார்க்க வந்தீங்களா? எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா" என்றார் டீச்சர். "கொஞ்சம் ஆடுது."

சில்லு சார் சட்டைப் பையில் கைவிட்டார். விட்ட கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு மூடியை எடுத்துப் புது மேடத்தின் உள்ளங்கையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். உப்பு கம்மி என்று சொன்னதை மட்டும் விட்டுவிட்டார். டீச்சர் அதைச் சேர்த்துக்கொண்டார்.

புது மேடம் மூடியைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், டீச்சரின் இடது கையைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. அடக்கினாள், அடங்காமல் சத்தமாகவே சிரித்தாள். சிரித்துக்கொண்டே மணலில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"தனிப் பண்பாட்டுக் குழு" என்றாள்.

"அதுல தப்பே இல்லம்மா" என்றார் சில்லு சார். "தனிப் பண்பாட்டுக் குழுதான். இத்தனை வருஷமா நான் குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "சார், நீங்க எரிச்சது இங்க கரை ஒதுங்கின மரம்தானே? இந்த வறட்சியில மரம் மக்கவே மக்காது. நூத்துக்கணக்கான வருஷத்துக்கு முந்தி செத்த மரமாக்கூட இருக்கும். கரியைச் சோதிச்சா பழசுன்னுதான் வரும் சார். யாருக்கும் எப்பவும் தெரியாது. நான் இந்த மூடியைப் பார்க்கவே இல்லைன்னு வச்சுக்கலாமா?"

சில்லு சார் மணலைக் கையில் அள்ளி விட்டார். இப்படி ஒரு வழி இருக்கிறது என்பது அவருக்கும் தோன்றாமல் இல்லை. காலையில் படகிலேயே தோன்றிவிட்டது.

"வச்சுக்கலாம்மா" என்றார். "ஆனா யோசிச்சுப் பாரு. அவங்க விட்டுட்டுப் போனது அவங்களோடது. நாம விட்டது நம்மளோடது. ரெண்டும் கலந்துறக் கூடாதுன்னுதானே நான் இத்தனை வருஷம் பைத்தியக்காரன் மாதிரி பின்னாலேயே நடந்தேன்? கடைசி மாசத்துல நானே கலந்துட்டா, இதுவரைக்கும் நடந்தது எதுக்கு? இந்த முட்டி வலி எதுக்கு?"

புது மேடம் மூடியை டீச்சரிடம் நீட்டினாள். "உங்களோடதும்மா."

இன்ஜினியருக்குப் போன் போட்டது சில்லு சார்தான். மேட்டின் உச்சியில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும்.

"என்ன சில்லு சார், மூட்டை பத்தலையா?"

"மூட்டையே வேண்டாம் சார். அந்த அடுப்பு என் வீட்டுக்காரம்மாவோடது."

"புரியல. உங்க வீட்டு அடுப்பைக் கொண்டுபோய் அங்க வச்சிட்டீங்களா?"

"இல்ல சார். அவங்க கல்யாணமான புதுசுல அங்க கஞ்சி வச்சாங்க."

இன்ஜினியர் சிரிப்பை அடக்குவது தெளிவாகக் கேட்டது. பிறகு சிரிப்பு போய்விட்டது. "சார், அப்படின்னா திங்கட்கிழமை முழுத் தண்ணிதான். தெரியுமில்ல?"

"தெரியும்."

"நீங்க இதைச் சொல்லாம இருந்திருக்கலாமே சார்."

"இருந்திருக்கலாம்." சில்லு சார் கீழே பார்த்தார். டீச்சர் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தார். "ஒண்ணே ஒண்ணு சார். ஏத்துறது எப்படி வேணா ஏத்துங்க. இறக்கும்போது மட்டும் கொஞ்சம் மெதுவா..."

"பாக்கலாம் சார்" என்றார் இன்ஜினியர். எப்போதும் சொன்னதும் போனை வைத்துவிடுவார். இன்றைக்குக் கொஞ்ச நேரம் வைக்காமல் இருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று சில்லு சாருக்குப் புரியவில்லை.

இறங்கி வந்தபோது அடுப்பில் தீ எரிந்துகொண்டிருந்தது.

மேட்டில் தீ மூட்டுவதா? முதல் விதியே அதுதானே! பிறகு அது அடுப்பு என்பது ஞாபகம் வந்தது. அதன் சொந்தக்காரி அதில் பாத்திரம் வைத்திருந்தார். பையில் பால் மாவு, டீத்தூள், சர்க்கரை எல்லாம் காலையிலேயே எடுத்து வைத்திருக்கிறார். கல்லைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன்பே டீச்சருக்குத் தெரிந்திருந்தது, மூடி இருக்கும் என்பதும், இந்த மனுஷனால் அதை மறைக்க முடியாது என்பதும்.

நாலாவது கல் காற்றை மறைத்தது. டீச்சர் கரண்டியால் கலக்கிவிட்டு இடது பக்கச் சின்னக் கல்மேல் வைத்தார். ஆடியது. ரோஜா நிற மூடியை எடுத்து அடியில் சொருகினார். நின்றது.

"சார், அளவு எடுக்கிறப்ப இந்தக் கல்லு எதுக்குன்னு அரை மணி நேரம் யோசிச்சேன்" என்றாள் புது மேடம், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "கரண்டி வைக்கத்தான்னு முதல்ல சொன்னதே சரிதான்."

"நீ கெட்டிக்காரிம்மா" என்றார் டீச்சர். "ஆளைத்தான் மாத்திட்டே. அடுப்பைச் சரியாத்தான் படிச்சே."

மூட்டை கொண்டுவந்த ஆட்களுக்கும் டீ கிடைத்தது. மூட்டைகளைத் திரும்ப ஏற்ற வேண்டுமே என்று அவர்கள் முனகினார்கள். புது மேடம் சில்லு சாரைப் பார்த்தாள். "சார், வந்த மூட்டைதானே? விளிம்புல அடுக்கிட்டுப் போனா யாரு கேக்கப் போறாங்க?" அவர் தலையாட்டினார். முழுத் தண்ணீருக்கு முன்னால் அது எம்மாத்திரம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அடுக்கினார்கள்.

உச்சி வெயில் ஏறுவதற்குள் கிளம்பினார்கள். புது மேடம் ஆட்களோடு மேட்டின் அந்தப் பக்கம் நின்ற மூட்டைப் படகுக்கு முன்னே போய்விட்டாள். டீச்சர் அடுப்பில் மணல் போட்டு அணைத்தார். கல்லைக் கலைக்கவில்லை. சில்லு சார் வழக்கம்போலக் காய்ந்த செடிக்கொத்து ஒன்றை ஒடித்து, மேட்டைப் பார்த்து நின்று, பெருக்கத் தொடங்கினார். ஒரு அடி பின்னால். இன்னொரு அடி.

"யாருக்குங்க பெருக்குறீங்க?" என்றார் டீச்சர். "திங்கட்கிழமை தண்ணி வருது."

கை அந்தரத்தில் நின்றது. கொஞ்ச நேரம் செடிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அதை அடுப்புக்குப் பக்கத்தில் கீழே வைத்தார். தூக்கிப் போட மனசு வரவில்லை. டீச்சரின் பையை வாங்கிக்கொண்டு, ஆற்றைப் பார்த்து, எல்லோரும் நடக்கிற மாதிரி நடந்தார். முன்பக்கமாக இந்தச் சரிவில் இறங்குவது முழங்காலுக்கு இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

படகில் ஏறப்போகும்போது திரும்பிப் பார்த்தார். அடுப்பிலிருந்து தண்ணீர் வரைக்கும் இரண்டு வரிசைக் காலடிகள். டீச்சருடையது நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. அவருடையது ஒரு மாதிரி இருந்தது. இடது பாதம் ஒவ்வொரு தடவையும் வெளிப்பக்கமாகத் திரும்பி, பக்கத்தில் இருக்கிற எதையோ பார்க்கப் போகிற மாதிரி விழுந்திருந்தது.

"என் இடது கால் இப்படியா விழுது?" என்றார்.

"ஆமா" என்றார் டீச்சர், படகில் உட்கார்ந்து புடவையை ஒதுக்கி அவருக்கு இடம் விட்டுக்கொண்டே. "கல்யாணமான புதுசுல இருந்தே அப்படித்தான் விழுது."